ஆதாரம் எங்கே இருக்கிறது?



மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்திலே ஒரு வாக்குவாதம் எழுகிறதென்று வைத்துக்கொள்வோம். தாம் பறித்தது 20 கிலோ என்கிறார் ஒரு தாய். கணக்கிலோ 18 என்றிருக்கிறது. இதனைத் தீர்ப்பதற்கு அன்றைய ஏடு வேண்டும். அது யார் பொறுப்பில் உள்ளது, அதனைப் பார்க்க யாருக்கு உரிமையுண்டு என்னும் கேள்விகள் உடனே எழும். ஆய்வுக் கட்டுரைக்கும் இது பொருந்தும். கட்டுரை முடிவைக் கூறுகிறது. அம்முடிவுக்கு அடிப்படையான அளவுகள் எங்கே உள்ளன என்பதைக் கூறும் சில வரிகளுக்குத் தரவுக் கிடைப்புக் குறிப்பு என்று பெயர்.

நம் மலைநாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. இளங்கொழுந்தையே தாக்கும் இந்நோய், மூடுபனியிலும் ஈரத்திலும் பெருகும், வெயிலில் தணியும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் வெயிலுக்கும் மழைக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை ஆராய்ந்து 1961இல் கட்டுரை வெளியிட்டனர். செம்பு மருந்தை எப்பொழுது தெளிப்பது என்பதற்கு இத்தகைய ஆராய்ச்சி வழிகாட்டும். மலைநாட்டின் மழையும் வெயிலும் மாறியிருப்பின் அவ்வழியும் மாற வேண்டுமா என்று இன்று ஒருவர் ஆராயப் புகுந்தால், அச்சிட்ட சராசரிகள் அவருக்குப் போதா. நாள்தோறும் பதிந்த அளவுகள் வேண்டும். அவை இருக்குமிடத்தைக் கட்டுரையிலேயே குறிக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. 2014 மார்ச் முதல் 'பிளாஸ்' ஆய்விதழ்கள் இக்குறிப்பைக் கட்டாயமாக்கின. வேறு பல இதழ்களும் இன்று இதனைக் கேட்கின்றன.

குறிப்பில் என்ன எழுதுவது? தரவு எந்தக் களஞ்சியத்தில் உள்ளது, அதன் நிலையான அடையாள எண் யாது, யார் பெறலாம், தடையிருப்பின் அதற்குக் காரணம் என்ன என்னும் நான்கையும் எழுத வேண்டும். மழையளவைப் பிறரிடமிருந்து பெற்றிருந்தால், யாரிடம் பெற்றோம், மற்றவர்கள் அதனை எவ்வாறு பெறலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

'வேண்டுவோர்க்கு ஆசிரியர் தருவார்' என்று எழுதி முடித்துவிடுவோர் பலர். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தரவைப் பகிர்வோம் என்று அறிவித்திருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் உண்மையாகவே கேட்டுப் பார்த்தனர். கொடுத்தவர்கள் 123 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. முகவரி மாறுகிறது, கணினி பழுதடைகிறது, ஆசிரியரும் மறைகிறார். ஆகவே தனி மனிதரின் பெட்டியைவிடப் பொதுக் களஞ்சியமே பாதுகாப்பானது.

எனினும், எல்லாவற்றையும் திறந்து வைத்தல் தகாது. லயங்களில் வாழும் பெண்களின் இரத்தச் சோகையை ஒருவர் ஆராய்கிறார் என்போம். பெயரை நீக்கினாலும், தோட்டத்தின் பிரிவும் வயதும் பிள்ளைகளின் தொகையும் இருந்தால், அயலார் ஆளை அறிந்துகொள்வர். அத்தகைய தரவைப் பூட்டி வைப்பதே முறை. ஆனால் ஏன் பூட்டினோம், எந்த நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பதைக் குறிப்பிலே கூற வேண்டும். தகவல் தந்த பெண்களிடமும் இதனை முன்னரே விளக்கி இசைவு பெற வேண்டும்.

ஏட்டின் அருமை மலையகத்தார்க்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதற்கு விண்ணப்பித்தவர்கள், இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. வாழ்ந்தது உண்மை, அதனைக் காட்ட ஏடில்லாமல் அல்லலுற்றோர் பலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கின்றனர். அவர்கள் கட்டுரை முடிந்த பிறகு இக்குறிப்பை எழுதலாமென்று காத்திராமல், முதல் அளவை எடுக்கும் நாளிலேயே, இது எங்கே இருக்கும், யார் காப்பார் என்று எழுதி வைப்பார்களாக.