பூட்டு ஊரில் சாவி வைத்திருந்தவர்கள்!

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று விதவிதமாகச் செய்து ஊர் ஊராக அனுப்பி வைத்த தொழிலாளர்களின் ஊர். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஊரில், முன்பின் தெரியாத பையன் ஒருவனிடம் ஜனங்கள் தங்கள் சாவியைக் கொடுத்து, "நீயே வச்சுக்கப்பா, எனக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

பெட்டிச் சாவி அல்ல. பீரோச் சாவியும் அல்ல. இ-மெயில் சாவி! "பாஸ்வேர்ட்" என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்கிறதே, அதுதான்.

இருபது, இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும், கல்லூரிக்குப் போகும் சாலைகளிலும் "பிரவுசிங் சென்டர்" என்ற பலகைகள் வரிசையாக முளைத்தன. அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக் காசு வாங்கிய பையன்களும் பெண்களும் இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர்களைப் பேச விட்டால், கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். மனிதர்களைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம்.

காபி இல்லாத கபே

1994 செப்டம்பரில் லண்டனில் "சைபீரியா" என்ற காபிக் கடையைத் திறந்தார்கள். காபி குடித்துக் கொண்டே இன்டர்நெட் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அந்த மாதிரி கடைகளால்தான் "இன்டர்நெட் கபே" என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. திண்டுக்கல்லுக்கு வந்தபோது பெயர் வந்தது, காபி வரவில்லை! எதிர்க் கடையிலிருந்து கிளாசில் டீ வரும். அதையும் கீ-போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பையன் பதறிப் போவான். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். தூசி ஆகாது என்று கண்ணாடிக் கதவு. சில இடங்களில் ஏ.சி. சித்திரை வெயிலில் அந்தக் குளிருக்காகவே அரை மணி நேரம் எடுத்துக் கொண்டவர்களும் உண்டு.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். என்ற சர்க்கார் ஸ்தாபனம் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அதைத் தொடங்கியது. மற்ற ஊர்களுக்கு அது எட்டாக் கனி. 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. அதற்கப்புறம்தான் ஜில்லாத் தலைநகரங்களில் இந்தக் கடைகள் பெருகின. எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ் கடை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர்கள் கடன் வாங்கி நாலு கம்ப்யூட்டர் போட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள், கம்ப்யூட்டர் படிப்பு முடித்து உத்தியோகம் கிடைக்காத பிள்ளைகள். சம்பளம் சொற்பம். ஆனால் ஓய்ந்த நேரத்தில் இலவசமாக இன்டர்நெட் பார்க்கலாமே! அதுவே அவர்களுக்குப் பெரிய சம்பளம்.

ஆரம்பத்தில் மணிக்கு ஐம்பது, அறுபது என்று வாங்கியதுண்டு. அந்தக் காசுக்குக் கிடைத்த வேகமோ ஆமை வேகம். மோடம் என்ற சின்னப் பெட்டி டெலிபோன் லைனைப் பிடிக்கும்போது கிரீச்சிட்டுக் கத்தும். கத்தி முடிந்தால் கிடைத்தது; பாதியில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. நன்றாக ஓடும் லைனிலேயே ஒரு ஃபிளாப்பி அளவுச் சரக்கை, அதாவது 1.44 எம்.பி.யை இறக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஒரே லைனை ஆறு பேர் பங்கு போட்டால் கேட்க வேண்டுமா? போட்டோ ஒன்று மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண். மாப்பிள்ளை போட்டோ பார்க்க வந்த குடும்பம், மூக்கு வருவதற்குள் இரண்டு டீ குடித்துவிடும்!

நோட்டுப் புத்தகம்

சாவி விஷயத்துக்கு வருவோம்.

வெளிநாட்டில் மகன், மருமகன், தம்பி என்று யாராவது இருக்கும் வீட்டுக்கு இ-மெயில் தேவைப்பட்டது. டெலிபோன் பேச நிமிஷத்துக்கு நிமிஷம் பணம். தபாலோ போய்ச் சேர நாள் கணக்கு. "ஒரு மெயில் போட்டுக் குடு தம்பி" என்று வருவார்கள். ஹாட்மெயிலிலோ யாஹூவிலோ பெயரைப் பதிவு செய்து கொடுப்பது கடைப் பையனின் வேலை. பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்று கேட்டால், வந்தவர் விழிப்பார். பேத்தி பெயர், குலதெய்வத்தின் பெயர், பழைய லூனா வண்டியின் நம்பர் என்று ஏதோ ஒன்றை அவனே வைப்பான். மறந்துவிடக் கூடாதே என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொள்வான். இப்படிப் பல கடைகளில் ஒரு நோட்டு உண்டு. மேஜை டிராயரில் கிடக்கும். அந்த டிராயருக்குத்தான் பூட்டு இருக்காது!

இதில் இன்னொரு சங்கடம். அந்நாளில் ஹாட்மெயில் பெட்டிக்குள் 2 எம்.பி. சரக்குதான் கொள்ளும். நாலு போட்டோ வந்தால் நிரம்பிவிடும். அடுத்த கடிதம் திரும்பிப் போய்விடும். அது மட்டுமல்ல, ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் உள்ளே இருந்த கடிதங்கள் அழிந்துவிடும். சிறுமலை அடிவாரத்திலிருந்தும் நத்தம் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் மாதா மாதம் பஸ் ஏறி வர முடியுமா? அதனால் சில பையன்கள் மாதக் கடைசியில் நோட்டை எடுத்து வைத்துக் கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு நாளாவது விளக்கேற்றி வைக்கிற மாதிரி! யாரும் கேட்டுச் செய்ததல்ல. இதற்குக் காசும் கிடையாது.

திறந்தால் கண்ணில் படத்தானே செய்யும்? வாசித்துக் காட்டும் பொறுப்பும் அவர்களுடையதுதான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருப்பான் மகன். அம்மாவுக்கு அது தெரியாது. பையன் படித்துச் சொல்ல வேண்டும். சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, முதுகு வலிக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை அம்மாவே கேட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அந்த இடத்தைத் தாண்டிப் படித்தவர்கள் உண்டு. படித்துவிட்டு இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்களும் உண்டு. முன்பு தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து கடுதாசி எழுதிக் கொடுத்தவர்களுக்கு இருந்த பாரம், இருபது வயதில் இவர்கள் தலையில் ஏறியது.

ரிசல்ட் தினம்

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கடை கல்யாண வீடு ஆகிவிடும். பிளஸ் டூ ரிசல்ட்! முன்பெல்லாம் பத்திரிகையில் நம்பர் வந்ததா இல்லையா என்று தேடுவார்கள். இன்டர்நெட்டில் மார்க்கே வரத் தொடங்கியதும் கூட்டம் இங்கே திரும்பியது. காலையிலேயே வாசலில் சைக்கிள்கள் குவிந்துவிடும். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தட்டுவதால் பக்கம் திறக்காது. திறந்தவுடன் ஒருவன் நம்பரைத் தட்ட, இன்னொருவன் பிரிண்ட் எடுக்க, காகிதம் கை மாறும்.

1200-க்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கியவன் சாக்லேட் கொடுப்பான். அதைச் சொல்லவில்லை அவர்கள். திரும்பத் திரும்பச் சொல்வது மற்றவர்களைப் பற்றி. 200-க்கு 70 எடுத்தால் பாஸ். ஒரு பாடத்தில் 61 என்று திரையில் தெரிகிறது. எதிரே நிற்கும் பெண்ணுக்கு அது இன்னும் தெரியாது. அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பதை முதலில் அறிந்தவன், மேஜைக்குப் பின்னால் இருக்கும் பையன்! "நெட் வரல, கொஞ்சம் உட்காரும்மா. அப்பா வந்திருக்காரா?" என்று பொய் சொன்னவர்கள் இருக்கிறார்கள். தனியாக வந்த பையனை, கூட்டம் குறைகிற வரையில் பக்கத்திலேயே உட்கார வைத்து, பிரிண்ட் காகிதங்களை அடுக்கச் சொல்லி வேலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். உடனே மறு பரீட்சை எழுதலாம் என்பதை எடுத்துச் சொல்லி, அந்தப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பிறகு காசு வாங்காமல் நிரப்பிக் கொடுத்ததும் உண்டு. இந்தப் பொய்க்கு யார் தண்டனை கொடுப்பார்கள்?

எல்லாம் நல்ல கதை என்று எண்ண வேண்டாம். பிளைவுட் தடுப்புக்குள் நடந்த கூத்துகளுக்கும் இவர்கள்தான் காவல். பார்க்கக் கூடாததைப் பார்க்க வந்தவர்கள், பொய்ப் பெயரில் யாஹூவில் அரட்டையடித்து ஏமாந்தவர்கள், ஏமாற்றியவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. வேலைக்கு இருந்த பெண்களுக்கு இது பெரிய தலைவலி. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பல வீடுகளின் உத்தரவு. 2011-ல் மத்திய சர்க்கார் விதிகள் கொண்டு வந்தது: தடுப்பு நாலரை அடிக்கு மேல் கூடாது, அடையாளச் சீட்டு இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது, வந்தவர்களின் பதிவை ஒரு வருஷம் காப்பாற்ற வேண்டும். நல்ல விதிதான். அதற்குள் கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

மேலூர்ப் பக்கம்

டவுனில் இப்படி என்றால் கிராமத்தில்? மதுரைக்கு அந்தப் பக்கம் மேலூர் தாலுகாவில் 2001 முதல் ஒரு சோதனை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய "கார்டெக்ட்" என்ற கம்பியில்லா முறையில், டெலிபோன் லைன் போகாத கிராமங்களுக்கும் இன்டர்நெட் கொடுத்தார்கள். கடையை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், பெண்களும் பலர். கண் நோவு என்று வந்த கிழவியின் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரின் பதிலை வாங்கிச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் வரும்படி போதவில்லை. பெரும்பாலான கடைகள் சில வருஷங்களில் மூடிவிட்டன.

டவுன் கடைகளையும் காலம் விடவில்லை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டில், யு.பி.எஸ். கீச்சிடக் கீச்சிட, "சேவ் பண்ணிக்குங்க, சேவ் பண்ணிக்குங்க" என்று கத்துவதே வேலையாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் இன்டர்நெட் சட்டைப் பைக்குள் புகுந்துவிட்டது. தப்பிப் பிழைத்த கடைகள் ஆதார், பான் கார்டு, சர்க்கார் பரீட்சை விண்ணப்பம் என்று பிழைப்பை மாற்றிக் கொண்டன. கம்ப்யூட்டர் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதிலும் தட்டுகிறவர் கடைக்காரர்தான்.

அங்கே இன்னமும் ஒரு ரகம் ஆட்கள் எப்போதாவது வருகிறார்கள். "தம்பி, அப்ப நீ போட்டுக் குடுத்த மெயிலு இருக்குல்ல? துபாயிலேருந்து அவர் அனுப்புன போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு" என்பார் ஒரு அம்மாள். நோட்டுப் பத்திரமாக இருந்தால், பழுப்பேறிய பக்கத்தைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்துத் தட்டிப் பார்ப்பார் கடைக்காரர். அப்படியொரு கணக்கே இல்லை என்று திரை சொல்லும். அம்மாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கொள்வாள்.

"எழுத்து ஏதாச்சும் மாறியிருக்கும். இன்னொரு தடவை போட்டுப் பாருப்பா."

அவரும் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்.