ஒற்றை இலை ஹோயா ஏன் கொடியாவதில்லை?

காதலர் தினத்துக்கோ பிறந்தநாளுக்கோ பரிசாக வந்திருக்கும். உள்ளங்கை அளவுத் தொட்டியில், மண்ணில் செருகிய ஒரே ஒரு பச்சை இலை. அச்சு அசல் இதய வடிவம். ஜன்னலோரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, 'எப்போது துளிர்க்கும்?' என்று தினமும் எட்டிப் பார்ப்பார்கள். மாதங்கள் போகும், வருஷமும் போகும். இலை வாடவும் வாடாது, வளரவும் வளராது. 'நம்ம கைராசி அவ்வளவுதான்' என்று பலரும் நொந்துபோகிறார்கள்.

கைராசியில் குறை இல்லை. அந்த இலையில் கணு இல்லை, அதுதான் விஷயம்!

எருக்குக்கு உறவு

இதன் பெயர் ஹோயா கெர்ரி. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் பூங்கொடி. தாய்லாந்தில் தாவரங்களைச் சேகரித்த அயர்லாந்து மருத்துவர் ஆர்தர் கெர் நினைவாக வந்த பெயர். நம் ஊர் எருக்குக்கு இது சொந்தம். கிள்ளினால் பால் வரும். பூக்களும் மெழுகில் செய்த நட்சத்திரங்கள் போலக் கொத்தாக மலரும்.

கொடியில் புதுத் துளிர் கணுவிலிருந்துதான் கிளம்பும். கணு இல்லாமல் வெட்டிய இலைக்கு வேர் மட்டும் விடும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே நிற்கிறது.

வாங்கும்போது...

தண்டும், குறைந்தது இரண்டு கணுக்களும் உள்ள செடியாகப் பார்த்து வாங்குங்கள். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஹோயா கார்னோசா வகை நல்ல தொடக்கம்.

வெளிச்சமும் தண்ணீரும்

கிழக்கு ஜன்னல் சிறந்த இடம். காலை இளவெயில் படலாம். மதிய வெயில் இலையைக் கருக்கிவிடும். அடியில் துளையுள்ள சிறிய தொட்டி போதும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, பெர்லைட், கொஞ்சம் மண்புழு உரம் கலந்தால் தண்ணீர் தேங்காது.

தடித்த இலைகள் நீரைச் சேமித்து வைக்கும். எனவே விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலை சுருங்கியதும் அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். வேர் அழுகினாலும் இலை சுருங்கும்.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

கத்தரிக்கோல் வேண்டாம்!

பூப்பதற்கு இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகலாம். இலையே இல்லாமல் நீளும் கொடியை 'வீண்' என்று வெட்டாதீர்கள். இலை பின்னால் வரும். பூ உதிர்ந்ததும் அதன் காம்பையும் வெட்டக் கூடாது. அடுத்த முறை அதே காம்பில்தான் மறுபடி பூக்கும். அந்தி சாய்ந்த பிறகுதான் வாசனை தூக்கலாக இருக்கும்.

சரி, பரிசாக வந்த ஒற்றை இலையை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். கொடியாகாது என்று தெரிந்துகொண்டு, அன்பாகக் கொடுத்தவரின் நினைவாக அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே கணுவுள்ள ஒரு கொடியை நட்டுவிடுங்கள். பூப்பதை அது பார்த்துக்கொள்ளும்.