ஒரே இயற்பியல், இரண்டு வினாத்தாள்கள்: வாளையார் எல்லை மாணவர்கள் பிளஸ் 2 திருப்புதலில் கவனிக்க வேண்டியவை

வாளையார்: கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வாளையாரைக் கடந்தால் மாநிலம் மாறுகிறது; பிளஸ் 2 இயற்பியல் வினாத்தாளும் மாறுகிறது. ஆனால், எல்லையின் இருபுறமும் பல வீடுகளில் பேசப்படும் மொழி தமிழே. மார்ச் மாதப் பொதுத் தேர்வுக்குத் தயாராகும் கேரளத் தமிழ் மாணவர்கள் பலருக்கு இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. கையில் இருக்கும் தமிழ் வழிகாட்டி நூல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற்கானது. எழுத வேண்டிய தேர்வோ கேரள மேல்நிலைக் கல்வித் துறையுடையது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் எழுத முடியும். மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு வரை 'காந்தப்புலம்' என்று படித்த மாணவர், அடுத்த ஆண்டிலேயே அதனை 'மேக்னடிக் ஃபீல்டு' என்று எழுதப் பழக வேண்டியுள்ளது.

எந்தப் பாடங்களை விட்டுவிடலாம்?

திருப்புதலின் முதல் வேலை பாடப்பட்டியலைச் சரிபார்ப்பதுதான். கேரளத்தில் பிளஸ் 2 இயற்பியலுக்கு என்சிஇஆர்டி நூலே அடிப்படை. அதில் மின்னூட்டங்களும் புலங்களும் என்பதில் தொடங்கி குறைக்கடத்தி எலக்ட்ரானியல் வரை 14 அத்தியாயங்கள் உள்ளன. தமிழ்நாட்டு நூலில் 11 அலகுகள். பெரும்பகுதி இரண்டுக்கும் பொதுவானதே.

வேறுபாடு விளிம்புகளில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு பாடக்குறைப்புக்குப் பிந்தைய என்சிஇஆர்டி நூலில் மின்னழுத்தமானி, மீட்டர் சமனச்சுற்று, கதிரியக்கச் சிதைவு விதி, லாஜிக் கேட்டுகள், தகவல் தொடர்பு ஆகியவை இல்லை. இவை அனைத்தும் தமிழ்நாட்டு நூலில் உண்டு. வான் டி கிராஃப் மின்னியற்றி தமிழ்நாட்டில் 5 மதிப்பெண் வினாவாகக் கேட்கப்படும் பகுதி. கோவையில் வாங்கிய 'முக்கிய வினாக்கள்' தொகுப்பை நம்பி வாளையார் மாணவர் அதன் படத்தை நான்கு முறை வரைந்து பார்த்தால், செலவாவது அவருடைய நேரம் மட்டுமே. அதே தொகுப்பில் உள்ள காஸ் விதி, பயட்–சாவர்ட் விதி, லென்சு உருவாக்குபவரின் சமன்பாடு, யங் இரட்டைப் பிளவு ஆய்வு, போர் அணு மாதிரி ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

ரயில் பாதையில் உள்ள மூன்று அத்தியாயங்கள்

அத்தியாயங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, ஒரே பொருளை வைத்துப் பல அத்தியாயங்களை இணைத்துப் பார்ப்பது நினைவில் நன்கு நிற்கும். இதற்கு வாளையாரில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

கஞ்சிக்கோடு–வாளையார்–மதுக்கரை ரயில் பாதை யானைகள் நடமாடும் காட்டின் வழியே செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் உயிரிழந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் வெப்பக் கேமராக்களுடன் கூடிய செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது.

இருளில் யானை எப்படித் தெரிகிறது? உடல் வெப்பம் கொண்ட எந்த விலங்கும் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்கிறது. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர், அதாவது 10,000 நானோமீட்டர். இது மின்காந்த அலைகள் அத்தியாயம். ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் காண, 1,240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். விடை 0.124. இது இருமைப் பண்பு அத்தியாயம். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். 0.124 அதனைவிட மிகக் குறைவு என்பதால், சாதாரண கைப்பேசியில் உள்ள சிலிக்கான் உணரி இந்தக் கதிர்களைக் காண இயலாது. வெப்பக் கேமரா தனியாகத் தேவைப்படுகிறது. இது குறைக்கடத்தி அத்தியாயம்.

அதே சூத்திரத்தை 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குப் போட்டால் 2.25 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14. மீதமுள்ள 0.11 எலக்ட்ரான் வோல்ட் என்பது வெளியேறும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். ஐன்ஸ்டீனின் ஒளிமின் சமன்பாட்டில் கேட்கப்படும் கணக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடும்.

பாதைக்கு மேலே செல்லும் மின்கம்பி 25,000 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொண்டது. இது ஆர்எம்எஸ் மதிப்பு; பெரும மதிப்பு 1.414 மடங்கு, அதாவது சுமார் 35,350 வோல்ட். இவ்வளவு உயர் மின்னழுத்தம் எதற்கு என்பதும் தேர்வு வினாதான். திறன் காரணி 1 எனக் கொண்டால், 10 லட்சம் வாட் திறனைக் கடத்த 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியர் போதும். 250 வோல்ட்டில் 4,000 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் 100 மடங்கானால் அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் 10,000 மடங்காகும்.

இடுக்கி மாணவர்களுக்கு மூலமட்டம் நிலத்தடி மின்நிலையம் இருக்கிறது. தலா 130 மெகாவாட் வீதம் 6 மின்னியற்றிகள், மொத்தம் 780 மெகாவாட். மின்காந்தத் தூண்டலில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: கம்பிச்சுருளின் வழியே காந்தப்பாயம் பெருமமாக இருக்கும் கணத்தில் தூண்டப்படும் மின்னியக்கு விசை சுழி. ஃபாரடே விதி பேசுவது பாயத்தின் அளவைப் பற்றியன்று, அது மாறும் வீதத்தைப் பற்றி. இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒருமுறை வரைந்து பார்த்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

மொழி மாறினாலும் மாறாதவை

சொற்கள் மாறினாலும் குறியீடுகள், அலகுகள், படங்கள் மாறுவதில்லை. எனவே ஒவ்வொரு தருவிப்பையும் படம், குறியீட்டு விளக்கம், தொடக்க விதி, கணித வரிகள், அலகுடன் கூடிய முடிவு என்ற வரிசையில் எழுதிப் பழகுவது தமிழ்வழியில் வந்தவர்களுக்குப் பாதுகாப்பானது. நீண்ட ஆங்கில வாக்கியங்களுக்கான தேவை இதனால் குறையும். புரிந்துகொள்ளத் தமிழ் நூலையும், எழுதிப் பார்க்க என்சிஇஆர்டி நூலையும் வைத்துக்கொள்ளலாம். கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரே தாளில் எழுதி வைப்பது, கடைசி வாரத்தில் புதிய வழிகாட்டி நூல் வாங்குவதைவிடப் பயன் தரும்.

நேரக் கணக்கு

தமிழ்நாட்டில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5 என அமைப்பு திட்டவட்டமானது. கேரளத்தில் 60 மதிப்பெண்களுக்கு 2 மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தனியாகத் தரப்படுகிறது. அங்கு ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். இங்கு இரண்டரை நிமிடத்திற்குச் சற்று அதிகம். ஐந்து மதிப்பெண் விடைக்குக் கேரள மாணவருக்குக் கிடைப்பது 10 நிமிடம். தமிழ்நாட்டு மாணவருக்கு ஏறத்தாழ 13 நிமிடம். தமிழ் வழிகாட்டியில் உள்ள விடையின் நீளத்தை அப்படியே பின்பற்றும் கேரள மாணவருக்குக் கடைசி இரு வினாக்களுக்கு நேரம் போதாமல் போகலாம். முந்தைய ஆண்டுக் கேரள வினாத்தாள் ஒன்றையாவது கடிகாரம் வைத்து, முதல் 15 நிமிடம் பேனாவைத் தொடாமல் வினாக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 120 நிமிடத்திற்குள் முழுமையாக எழுதிப் பார்ப்பது நல்லது.