குறிப்பில்லாமல் தொடரும் துப்புரவு

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசையைத் திருத்தினாலும் நீக்கினாலும் பழைய வடிவம் உடனே அழிவதில்லை. வேறொரு பரிவர்த்தனை அதைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் செத்த வரிசையாக அட்டவணையிலேயே கிடக்கும். அந்த இடத்தை மீட்கும் பின்னணிப் பணிக்கு ஆட்டோவேக்யூம் என்று பெயர். 2008இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து இது யாரும் சொல்லாமலே இயங்குகிறது.

இது அடிக்கடி பாதியில் நிற்கும். அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை பூட்டுக்காக ஒரு விநாடி காத்திருந்தாலே போதும், துப்புரவு விலகி வழிவிடும். எந்த இடத்தில் விட்டது என்று குறித்தும் வைக்காது. ஆனால் பாதியில் நின்ற துப்புரவு, செத்த வரிசைகளின் கணக்கைப் புதுப்பிப்பதில்லை. அந்தக் கணக்கு, இயல்பு அமைப்பில் பொதுவாக, 50ஐயும் அட்டவணை வரிசைகளின் 20 விழுக்காட்டையும் கூட்டிய அளவுக்கு மேல் இருக்கும்வரை, நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் மேற்பார்வை நிரல் மறுபடி ஆளை அனுப்பும்.

வந்த ஆள் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். இங்கேதான் ஒரு விநோதம். ஒவ்வொரு 8 கிலோபைட் பக்கத்துக்கும் இரண்டு பிட் கொண்ட தனி வரைபடம் ஒன்று உண்டு. முன்பே சுத்தமான பக்கங்களை அது காட்டிக்கொடுப்பதால் அவற்றைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். பாதி பெருக்கிய வீட்டில் குப்பை கிடக்கும் இடத்தைப் பார்த்தே விட்ட வேலையைத் தொடர்வதுபோல.

இன்டெக்ஸ் விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. இன்டெக்ஸிலிருந்து நீக்க வேண்டிய செத்த வரிசைகளின் முகவரிப் பட்டியல் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. பணி நின்றால் அதுவும் போயிற்று. இன்டெக்ஸ்கள் நிறைந்த பெரிய அட்டவணையில் ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸ் துப்புரவுக் கட்டத்தில் தடைபட்டால், உழைப்பு நடக்கும், இடம் மட்டும் மீளாது.

சர்வர் திடீரென விழுந்து எழுந்தால் நிலைமை இன்னும் மோசம். செத்த வரிசைக் கணக்கே பூஜ்யமாகிவிடும். குப்பை அப்படியே கிடக்க, மேற்பார்வை நிரலின் கண்ணுக்கு எல்லாம் சுத்தம். அதற்குப் பின் அனலைஸ் கட்டளையை ஓட்டிக் கணக்கைப் புதுப்பிக்கும்படி போஸ்ட்கிரஸ் ஆவணமே சொல்கிறது. தரவு பத்திரமாக மீண்டது என்ற நிம்மதியில் பலர் விட்டுவிடும் வேலை இது.

சிலர் வேகம் வேண்டி ஆட்டோவேக்யூமை அணைத்தே வைப்பார்கள். அதற்கும் எல்லை உண்டு. பரிவர்த்தனை எண்கள் 32 பிட்டுக்குள் சுழல்வதால், அட்டவணையின் வயது 20 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியதும் அணைத்திருந்தாலும் துப்புரவு கிளம்பும். இந்த வயதைக் கணக்கிடும் எண் அட்டவணைப் பட்டியலிலேயே பதிவாகியிருப்பதால் சர்வர் விழுந்தாலும் அழியாது. பூட்டு கேட்டு வரும் கட்டளைக்கு இந்தத் துப்புரவு விலகுவதுமில்லை; கட்டளைதான் காத்திருக்க வேண்டும்.