புறநகர் ஊராட்சிகளில் கிராம சபை

கிராம சபை என்பது ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றுள்ள அனைவரையும் உறுப்பினர்களாகக் கொண்ட அமைப்பாகும். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் இதற்கு அரசியலமைப்பு ஏற்பு அளித்தது. தமிழ்நாட்டில் இது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 3ஆம் பிரிவின்படி இயங்குகிறது. ஊர்கள் நகரமயமாகும்போது இவ்வமைப்புக்கு நேர்வதை அறிய, சென்னையை ஒட்டிய ஐயப்பன்தாங்கல் ஓர் எடுத்துக்காட்டாகும்.

அதிகாரங்கள்

ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், ஆண்டு வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவை கிராம சபையின் ஒப்புதலைப் பெறவேண்டும். கூட்டத்திற்குக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆண்டுக்கு 4 ஆக இருந்த கூட்டங்கள், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு 2022இல் 6 ஆக உயர்த்தப்பட்டன.

ஊராட்சியும் மாநகராட்சியும்

ஐயப்பன்தாங்கல் பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போரூரை அடுத்து அமைந்துள்ளது. 2011இல் போரூர், வளசரவாக்கம், அம்பத்தூர் முதலியவை சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் ஒன்றியத்தில் ஊராட்சியாகவே நீடித்தது. ஆகவே இங்குள்ள வாக்காளர் கிராம சபையில் நேரடியாகக் கணக்குக் கேட்க முடிந்தது. அடுத்துள்ள போரூர் வாக்காளருக்கு அத்தகைய சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கான பகுதி சபைகள் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்றுதான் தொடங்கின. வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அது மாமன்றத்திடமே உள்ளது.

குடிமைச் சமூகத்தின் பங்கு

குடியிருப்போர் நலச் சங்கங்கள், மகளிர் தன்னுதவிக் குழுக்கள், தன்னாட்சி போன்ற தன்னார்வ அமைப்புகள் ஆகியவை மக்களைக் கூட்டத்திற்குத் திரட்டுதல், தீர்மானங்களை முன்மொழிதல், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் வழியாகக் கணக்குகளைப் பெறுதல் முதலிய பணிகளைச் செய்யலாம். எனினும் சங்கங்கள் சபைக்கு மாற்றாகா. நலச் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக மட்டுமே பேசுகிறது. கிராம சபையில் சொந்த வீட்டார், வாடகைக் குடியிருப்பாளர் என்ற வேறுபாடு இல்லை.

சிக்கல்கள்

வேலைக்காகக் குடியேறியோர் பலரின் பெயர்கள் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருப்பதால், அவர்கள் தாம் வாழும் ஊரின் சபையில் உறுப்பினராவதில்லை. மேலும், 2016 முதல் 2021 அக்டோபர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடைபெறாததால் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிருவகித்தனர். ஊராட்சி ஒன்று மாநகராட்சியுடன் இணைக்கப்படும்போது சாலை, கழிவுநீர் வசதிகள் மேம்பட வாய்ப்புண்டு. ஆனால் அவ்வூரின் கிராம சபை இல்லாமற்போகிறது.