தீயைத் தடுக்கும் கதவு



ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். உள்ளே விறகு எரியும். கதவு இறுகச் சாத்தியிருக்கும். கதவு திறந்து கிடந்தால் புகை வெளியேறிவிடும், ஷீட்டு சரியாகக் காயாது. ஆக, நல்ல கதவு புகையை ஓரிடத்தில் அடைத்துவைக்கும் என்பது நமக்குப் பழகிய உண்மை. பெரிய கட்டடங்களில் தீப்பிடிக்கும்போது மனிதரைக் காப்பதும் இந்த உண்மைதான். அதற்கென்றே செய்யப்படுவது தீத்தடுப்புக் கதவு.

நம் பிள்ளைகள் இப்பொழுது தோட்டத்தோடு நிற்பதில்லை. நிபோங் திபாலிலிருந்து பிறைக்கும் பாயான் லெப்பாசுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். வெளியூர் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஆகவே இந்தக் கதவு நம் வீட்டுச் செய்தியும் ஆகிவிட்டது.

2017 செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பற்றியது. வெளியேறும் வழியைத் தீ மறித்தது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். மாணவரும் ஆசிரியருமாக 23 பேர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீ 6 நோயாளிகளின் உயிரைக் குடித்தது. தமிழ்நாட்டுக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். தீ எப்படியும் மூளலாம். அது பரவாமல் தடுப்பதும், தப்பும் வழியைக் காப்பதும் நம் கையில் உள்ளவை.

இக்கதவு எவ்வாறு வேலை செய்கிறது? சாதாரணக் கதவு சில நிமிடங்களில் எரிந்து ஓட்டையாகிவிடும். தீத்தடுப்புக் கதவோ அரை மணி, ஒரு மணி என்று குறித்த நேரம் தாங்கும். கதவின் ஓரத்திலோ சட்டத்திலோ ஒரு பட்டை பதித்திருப்பார்கள். சூடு பட்டதும் அது உப்பி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்திற்குள் படிக்கட்டு வழியாக மக்கள் இறங்கிவிடலாம்.

இதற்குச் சான்று இரு வகையில் வருகிறது. முதலாவது, கதவுக்கு. மாதிரிக் கதவு ஒன்றைச் சூளையில் பொருத்தி எரிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சூளையின் வெப்பம் ஏறத்தாழ 945 டிகிரி செல்சியசை எட்டும். தாங்கிய கதவுக்கே முத்திரை கிடைக்கும். பலகை, சட்டம், கீல் எல்லாம் சேர்ந்ததே அந்தக் கதவு. பின்னர் யாரேனும் கம்பி இழுக்கத் துளையிட்டால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, கட்டடத்துக்கு. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, மருத்துவமனை, ஓட்டல், விடுதி, தொழிற்சாலை முதலியவற்றில் குறிப்பிட்ட அளவினை உடையவை ‘பெரக்குவான் பொம்பா’ என்னும் சான்றிதழ் பெறவேண்டும். பொம்பா அதிகாரிகள் நேரில் வந்து பார்த்த பிறகே அது கிடைக்கும். அது 12 மாதத்திற்கே செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் அதிகாரி வருவது ஏதோ ஒரு நாள். மற்ற நாட்களில் காற்றுக்காகக் கதவில் கல்லை முட்டுக் கொடுப்பவரும், திருடனுக்குப் பயந்து சங்கிலி போடுபவரும் அங்கே இருப்பவர்களே. கல் வைத்த கதவு புகையைத் தடுக்காது. சங்கிலி போட்ட கதவு மனிதனைத் தடுத்துவிடும்.

நாமும் சோதிக்கலாம். கதவைப் பாதி திறந்து விட்டுவிடுங்கள். அது தானாகவே சென்று கொக்கியில் விழ வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். பட்டை பெயர்ந்திருக்கக் கூடாது. கீல் ஆடக் கூடாது. உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும். படிக்கட்டில் பெட்டியும் சைக்கிளும் அடுக்கியிருக்கக் கூடாது.

பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோரே, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, இந்த ஆண்டுக்கான பொம்பா சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். குறை கண்டால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் தெரிவியுங்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: தீ என்றால் மின்தூக்கியில் ஏறாதே, புறங்கையால் கதவைத் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே, வெளியேறும்போது பின்னால் கதவைச் சாத்து, வெளியே வந்ததும் 999க்குத் தொலைபேசி செய்.

வெள்ளம் வருமுன் அணை போடுபவர்கள் நாம். தீ வருமுன் கதவைப் பார்த்துவைப்போம்.