கருவுற்ற தாய்க்குக் கண் மங்கினால்

மதுரை கண் வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற நகரம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இப்பகுதியில் இலர். ஆகவே மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிக் கிராமங்களில் ஒருவருக்குப் பார்வை மங்கினால், 'மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள்' என்பது வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும், பார்வை மங்கியவர் கர்ப்பிணியாயின், முதலில் சோதிக்க வேண்டியது கண்ணை அன்று, இரத்தக் கொதிப்பையே.

இதற்குக் காரணம் யாது? கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் சில தாய்மாருக்கு இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டுகிறது. பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் கலந்து வருகிறது. அப்போது உடலெங்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினின்று நீர் கசிகிறது. இது விழித்திரையில் நிகழ்ந்தால் பார்வை மங்கும். நீர் தேங்கி விழித்திரை தன் இடம் விட்டுப் பிரிவதும் உண்டு. மூளையின் பின்புறத்தில் பார்வையை உணரும் பகுதி வீங்கினாலோ, கண்கள் பழுதற்றிருந்தும் தாய்க்கு ஒன்றும் புலப்படாது.

எனவே கண்ணில் தோன்றுவது உடல் முழுமைக்கும் வந்துள்ள கேட்டின் எச்சரிக்கையாகும். இதை அடுத்து வலிப்பு வரலாம்; தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

கண் இருட்டுவதையும், மின்னல் போல் ஒளி தோன்றுவதையும் 'உடல் சூடு' எனக் கருதித் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கச் செய்வோர் இன்றும் உளர். இந்த அறிகுறிகளுடன் தீராத தலைவலி, மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவையும் சேரலாம். இவற்றுள் எது கண்டாலும் தாமதிக்கலாகாது. உடனே 108-ஐ அழைத்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைய வேண்டும். நிலை கடுமையாயின் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவர்.

அங்கே அழுத்தத்தைத் தணிக்கவும், வலிப்பைத் தடுக்கவும் மருந்து தருவர். மெக்னீசியம் சல்பேட் என்னும் மருந்து வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. நோய்க்கு மூலத் தீர்வு பிரசவமே. அதனை எப்போது நிகழ்த்துவதென்பதை டாக்டர் முடிவு செய்வார். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றோருள் மிகப் பலருக்குச் சில நாட்களில் அல்லது வாரங்களில் பார்வை மீள்கிறது. தாமதித்தால் சிலருக்கு அது நிலையாகவே குன்றிவிடும். பிரசவத்துக்குப் பின்னரும் சில வாரங்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இந்நோய் தொடக்கத்தில் எவ்வித வேதனையும் தராமல் வளரக்கூடியது. ஆதலால் உடல் நன்றாயிருக்கும்போதே, கிராம சுகாதாரச் செவிலியர் குறிப்பிடும் நாட்களில் இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. தலைப்பிரசவத்தினரும், இரட்டைக் குழந்தை சுமப்போரும், முன்பு இந்நோய் கண்டோரும் இதில் தனிக் கவனம் கொள்வாராக.

ஊராட்சித் தலைவர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இச்செய்தியை வீடுதோறும் சேர்ப்பித்தல் வேண்டும். பெற்ற குழந்தையின் முகத்தைத் தாய் தன் கண்ணாற் காண்பதைவிடக் கிராம நலம் வேறு யாது?